மூன்றாவது ஓட்டும் தக்காளி வண்டியும்

கிணத்துக்கடவு,
9.6.2024

அன்புள்ள ப்ரியா அக்காவுக்கு,

ஹரிதா எழுதுகிறேன். உன் தொண்டை வலி குறைந்ததா? இங்கே அப்பா, அம்மா, சசிதர் மூவரும் நலம். பிந்துவும் நலம்தான், ஆனால் அப்படி எழுதக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறாள்.

கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் தருகிறார்கள், அதுவும் பத்து நிமிடம். போன வாரம் அந்தப் பத்து நிமிடத்தில் நான் பதினேழு முறை "ம்" என்றேன் என்று எண்ணிச் சொன்னாய். வேறு ஒன்றும் சொல்லவில்லை என்றும் சொன்னாய். எழுதினால் எனக்கு வார்த்தை வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

தோட்டத்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. வரதராஜுலு பெரியப்பா மகனோடு பெங்களூர் போய்விட்டதால் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அப்பா பம்ப் கடை வேலையை விட்டுவிட்டு உடனே சரி என்றுவிட்டார். ஆர்.எஸ்.புரத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்தான். பிந்து மட்டும் கடல் தாண்டி வந்தவள்போல நடந்துகொள்கிறாள். பெட்டியைப் பிரிக்கவே இல்லை. துணியை எடுக்கிறாள், உடுத்துகிறாள், துவைத்துக் காய்ந்ததும் மடித்து அதே பெட்டியில் வைத்துப் பூட்டுகிறாள். "பதிமூணு வயசுலயே என் வாழ்க்கை முடிஞ்சுபோச்சு" என்று தண்ணீர்த் தொட்டி ஏணியின் ஐந்தாவது படியில் உட்கார்ந்திருக்கிறாள். போன் சிக்னல் அங்கேதான் கிடைக்கும்.

அழுகை தாங்காமல் அப்பா ஒரு ஒப்பந்தம் போட்டார். பொங்கல் வரைக்கும் இங்கே இருந்து பார்ப்பது. பொங்கலன்று பிள்ளைகள் நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு ஓட்டு. இருக்கலாமா, போகலாமா. எதற்கு இரண்டு ஓட்டோ அதுதான் நடக்கும். கடை முதலாளி அதுவரை இடத்தை வைத்திருப்பாராம். ஆனால் சீட்டில் எழுதக் கூடாது, ஒவ்வொருவரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

"மைக் வெப்பீங்களாப்பா? அக்காவுக்கு மைக்குன்னா ரொம்பப் புடிக்கும்" என்றான் சசிதர். ஒன்பது வயதுக்கு அவனுக்கு வாய் அதிகம். பதினொன்றாம் வகுப்பில் அசெம்பிளியில் மைக் முன்னால் நான் நின்றதைத்தான் சொல்கிறான். அன்று பள்ளிக்கூடமே காத்திருந்தது, ஒரு சொல் வரவில்லை. நான்கு நிமிடம் நின்றேன் என்று உன் தோழியின் தங்கைதானே கணக்குச் சொன்னாள். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்குப் போகவில்லை.

இந்த ஊரில் வழியில் போகிறவர்கள் எல்லாம் பேசுகிறார்கள். "ஏனுங்க அம்மணி, தண்ணி வந்துச்சுங்களா?" என்று வேலிக்கு வெளியே நின்று கேட்கிறார்கள். நான் மட்டைக் குவியலுக்குப் பின்னால் போய்விடுகிறேன். என் ஓட்டு "போகலாம்"தான். கவலைப்படாதே.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

ஹரிதா


ஆர்.எஸ்.புரம்,
23.6.2024

அன்புத் தங்கை ஹரிதாவுக்கு,

தொண்டை சரியாகிவிட்டது. வயிறுதான் சரியில்லை, காரணம் ஹாஸ்டல் உப்புமா. சித்திக்கும் சித்தப்பாவுக்கும் என் வணக்கம் சொல்.

உங்கள் வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில்தான் அம்மா என்னை உடுமலையிலிருந்து கொண்டுவந்து இங்கே சேர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சித்தி கையால் சாப்பிடலாம், பிந்துவோடு சண்டை போடலாம், உன்னை உட்கார வைத்து நான் பேசலாம். இப்போது மூன்று ஞாயிறாக ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணிக்குக் காவல் இருக்கிறேன்.

எனவே பின்வருமாறு செய்யவும். பிந்து பெட்டியைப் பிரிக்கக் கூடாது. நீ வழக்கம்போல் பேசாமல் இரு, சித்தப்பாவுக்கு அதுவே கஷ்டமாக இருக்கும். சசிதரைக் கொஞ்சம் மெலியச் சொல். பையன் இளைத்துப் போனால் எந்த அப்பாவும் பொங்கல் வரைக்கும் தாங்க மாட்டார். ஓட்டுக்கே அவசியம் இருக்காது.

உங்கள் நன்மையையே நினைக்கும்
ப்ரியா


கிணத்துக்கடவு,
14.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வயிறு நலமா? சசிதரின் வயிறு பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

நீ சொன்னபடி அவனிடம் மெலியச் சொன்னேன். முதல் நாள் உண்மையாகவே இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றான். மறுநாள் பள்ளியிலிருந்து வரும்போது பக்கத்துத் தோட்டத்து மயிலாத்தாள் அக்கா வாசலில் நின்றிருக்கிறார். "ஏனுங்க கண்ணு, சாப்ட்டீங்களா? வாங்க, ஒரு வாய் சாப்ட்டுப் போலாம்" என்றிருக்கிறார். இங்கே எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இப்பத்தானுங்க ஆச்சு" என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். அதுதான் முறை. அது இவனுக்குத் தெரியாது. "சரிங்க" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அதற்கு அடுத்த நாள் வேறொரு வீட்டில் கூப்பிட்டார்கள். அங்கேயும் "சரிங்க". ஒரு வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. திங்கள் யார் வீடு, செவ்வாய் யார் வீடு என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான். யார் வீட்டில் ரசம் நன்றாக இருக்கும் என்பதற்கு நட்சத்திரக் குறி வேறு.

அம்மா வெட்கப்பட்டு மயிலாத்தாள் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். நானும் பின்னால் நின்றேன்.

"பையன் தெரியாம வந்துபோட்டானுங்க."

"வந்தா என்னங்க? ரெண்டாந்தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்ட்டானுங்க. எங்கூட்டுப் பசங்களுக்கு அந்த வாயி இல்லீங்க. நீங்களும் உக்காருங்க, கொள்ளுப் பருப்பு கடைஞ்சிருக்கறேன்."

அம்மா "இப்பத்தானுங்க ஆச்சு" என்றாள். அந்த அக்கா விடவில்லை. அம்மா உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். பருப்பு நன்றாக இருந்தது.

சசிதர் இரண்டு கிலோ ஏறியிருக்கிறான். பிந்து அவனைத் துரோகி என்று அழைக்கிறாள். பெட்டி பூட்டியே இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹரிதா


கிணத்துக்கடவு,
11.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பரீட்சையாக இருக்கும். எல்லாரும் சுகம்தான். அம்மாவுக்கு மட்டும் இரண்டு நாள் சளி.

இங்கே எனக்கு ஒருவரோடு பழக்கம் ஆகியிருக்கிறது. பீர் முகம்மது அண்ணன். அப்பா வயது இருக்கும். சந்தையில் தக்காளி ஏற்றி, எங்கள் தோப்பில் தேங்காய் ஏற்றி, சரக்கு ஆட்டோவில் கோயமுத்தூர் போய்த் தெருத்தெருவாக விற்கிறார். இருபது வருடமாக மைக் பிடித்துக் கூவிக் கூவித் தொண்டை புண்ணாகிவிட்டது. இரண்டு மாதம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அன்று வாசலில் வந்து நின்றார். வழக்கம்போல் மட்டைக் குவியலுக்குப் போகப் பார்த்தேன். அவர் கூப்பிடவில்லை. ஒரு சிலேட்டை உயர்த்திக் காட்டினார். "அப்பா இருக்காருங்களா?" என்று எழுதியிருந்தது. நான் கிட்டே போய்ச் சிலேட்டை வாங்கி "இல்லைங்க" என்று எழுதினேன். அவர் அழித்துவிட்டு "எப்ப வருவாருங்க?" என்று எழுதினார். அப்படியே அரை மணி நேரம் பேசினோம். சிலேட்டிலும் அவர் "ங்க" விடுவதில்லை.

கூவாவிட்டால் வியாபாரம் இல்லை. மருமகனைப் பேச வைத்துப் போனில் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டிருக்கிறார். போலீஸ் அறிவிப்புபோல இருந்ததாம், பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்களாம். பிறகு யாரோ ஒரு பெண்ணைப் பேச வைத்து வேறொன்று பதிவு செய்துகொண்டார். அது பரவாயில்லை என்கிறார்கள்.

பிந்து உன்னிடம் கேட்கச் சொன்னாள், அடுத்து என்ன செய்வது என்று. எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. இங்கே நல்ல மழை.

ஹரிதா


ஆர்.எஸ்.புரம்,
1.9.2024

அன்பு ஹரிதா,

பரீட்சை முடிந்தது. உயிரோடு இருக்கிறேன். சித்திக்குச் சளி போயிற்றா?

சசிதரைப் பற்றி இனி எதுவும் எழுதாதே. அவன் ஓட்டு போய்விட்டது. ரசத்துக்கு விற்றுவிட்டான். பிந்துவின் ஓட்டு நம்முடையது. மூன்றாவது ஓட்டு உன்னுடையது. எல்லாம் உன் கையில், இல்லை, உன் வாயில் இருக்கிறது.

இங்கே ஒரே ஒரு நல்ல விஷயம். காலை ஏழரை மணிக்கு எங்கள் தெருவில் ஒரு தக்காளி வண்டி வருகிறது. அதில் ஒரு பெண் குரல். "தக்காளிங்க, கிணத்துக்கடவுத் தக்காளிங்க, விடியக்காலம் பறிச்சதுங்க. மெதுவா அமுக்கிப் பாருங்க. அமுக்கிப்போட்டு வெச்சுட்டுப் போகாதீங்க." இதோடு முடியவில்லை. கடைசியில் கொஞ்சம் இடைவெளி விட்டு, பயந்த மாதிரி, "போதுங்களா?" என்று கேட்கிறாள். ஹாஸ்டலே சிரித்துச் சிரித்து ஜன்னலுக்கு வந்துவிடுகிறது. எங்கள் சமையல்கார அம்மா தினமும் "போதாது கண்ணு" என்று வண்டியைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு ஒரு கிலோ கூட வாங்குகிறார். யார் பெற்ற பிள்ளையோ, என்ன கெட்டிக்காரி. நீயும் இருக்கிறாயே.

உங்கள் ஊர்த் தக்காளிதான். அது உங்கள் சிலேட்டு அண்ணன் வண்டியா? அந்தப் பெண்ணை உனக்குத் தெரியுமா? தெரிந்தால் அவளிடம் கொஞ்சம் பேசக் கற்றுக்கொள்.

ப்ரியா


கிணத்துக்கடவு,
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். தேங்காய்ப் பறிப்பு நடந்ததால் உடனே எழுத முடியவில்லை.

தக்காளி வண்டி பற்றிக் கேட்டிருந்தாய். அப்படி நிறைய வண்டிகள் போகும். அம்மாவின் சளி ஆகஸ்டிலேயே சரியாகிவிட்டது. தீபாவளிக்கு உடுமலை போகிறாயா? பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்.

ஹரிதா


கிணத்துக்கடவு,
27.10.2024

ப்ரியா அக்காவுக்கு சசிதர் எழுதிக்கொள்வது,

நான் நல்லா இருக்கிறேன். நீ என்னைத் துரோகி என்று சொன்னதாக பிந்து அக்கா சொன்னாள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

அக்கா உனக்கு எழுதிய கடிதத்தை நான்தான் தபால் பெட்டியில் போட்டேன். ஒட்டவில்லை, அதனால் படித்தேன். ஏழு வரிதான் இருந்தது. முக்கியமானதை எழுதவே இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

தக்காளி வண்டியில் பேசுவது அக்காதான். மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, லைட்டையும் அணைத்துவிட்டு, பீர் அண்ணன் போனில் பேசினாள். நான் வெளியே காவல். முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பல்லி சத்தம்தான் கேட்டது. அப்புறம் திடீரென்று பேசிவிட்டாள். முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்து "போதுங்களா?" என்று பீர் அண்ணனைக் கேட்டாள். பீர் அண்ணனுக்குப் போனை நிறுத்தத் தெரியவில்லை, அதுவும் பதிவாகிவிட்டது. அதை வெட்டி எடுக்கச் சொல்லி அக்கா அழுதாள். ஆனால் முதல் நாளே வண்டி பத்து மணிக்குக் காலி. அதனால் அண்ணன் வெட்டவில்லை.

இன்னொரு விஷயம். அக்கா இப்போது மட்டைக் குவியலுக்குப் பின்னால் போவதில்லை. மயிலாத்தாள் அக்கா கூப்பிட்டால் "இப்பத்தானுங்க ஆச்சு" என்று சொல்கிறாள். சத்தம் கம்மிதான், ஆனால் சொல்கிறாள்.

நான் எழுதியதாகச் சொல்லாதே.

செ. சசிதர், நான்காம் வகுப்பு


ஆர்.எஸ்.புரம்,
24.11.2024

ஹரிதாவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஒரு மாதம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மூன்று மாதமாக தினமும் காலையில் என் ஜன்னலுக்குக் கீழே கத்துகிறாய். பற்பசை நுரையோடு நின்று கைதட்டினேன். பேர் தெரியாத அந்தப் பெண்ணைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று உனக்கே எழுதினேன். நீ அதைப் படித்துவிட்டு, "அப்படி நிறைய வண்டிகள் போகும்" என்று பதில் எழுதுகிறாய். நான் உன் குரலைக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. பதினேழு வருடத்தில் நீ என்னிடம் மொத்தமாகப் பேசியது அந்தத் தக்காளிப் பேச்சு அளவுகூட இருக்காது. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊருக்கெல்லாம் அம்மணி, எனக்கு மட்டும் "ம்".

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மழை பற்றி எழுதாமல் பதில் சொல். பொங்கலன்று என்ன சொல்லப்போகிறாய்?

ப்ரியா

சசிதர் எனக்கு எதுவும் எழுதவில்லை.


கிணத்துக்கடவு,
8.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் ஆறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். சசிதரைத் திட்டவில்லை.

மோட்டார் ரூமில் யார் முகமும் தெரியாது. பேசிப் பார்த்தேன், வந்தது. அவ்வளவுதான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று நினைக்கவில்லை. நீ அந்தப் பெண்ணைக் கெட்டிக்காரி என்று எழுதியிருந்தாய். அது நான்தான் என்று சொன்னால் அப்படி நினைக்க மாட்டாயோ என்று இருந்தது.

பீர் அண்ணனுக்குத் தொண்டை அக்டோபரிலேயே சரியாகிவிட்டது. "என்ர சத்தத்துக்கு ஒருத்தரும் வாரதில்லீங்க அம்மணி. உங்குளுதே இருக்கட்டும்" என்று பழையபடி அதையே போடுகிறார். போன மாதம் ஒருநாள் வண்டி பஞ்சர் ஆகி என் பழைய பள்ளிக்கூட வாசலில் நின்றுவிட்டதாம். உள்ளே அசெம்பிளியாம். ஒலிபெருக்கியை அணைக்க மறந்து சக்கரம் கழற்றியிருக்கிறார். காவலாளி வருவதற்குள் என் பதிவு நான்கு முறை ஓடிவிட்டதாம். ஒரு தடவைக்கு ஒரு நிமிடம். நான் அண்ணனிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். நான்கு நிமிடம்தான்.

அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். எனக்கு இங்கே இருக்க வேண்டும். ஆனால் அந்த ஓட்டைப் போட்டால் உனக்கு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிதான். உன் துணிக் காவலுக்கு நான் காரணமாவது எப்படி? அதனால்தான் மழையைப் பற்றி எழுதினேன். இன்னொன்று, சொல்லத் தீர்மானித்தாலும் என்னால் சொல்ல முடியாது. நான்கு பேர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பொங்கலன்று நான் வாயைத் திறக்காவிட்டால் ஓட்டு ஒன்றுக்கு ஒன்று ஆகிவிடும். அப்படியானால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஹரிதா


ஆர்.எஸ்.புரம்,
22.12.2024

ஹரிதா,

நலம். கோபம் ஆறிவிட்டது. கார்டில் இடம் இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். உன் ஓட்டு உன்னுடையது. என் ஞாயிற்றுக்கிழமையை நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் வாயால் சொல். "ம்" செல்லாது.

ப்ரியா

இன்று பீர் அண்ணனிடம் நானே ஒரு கிலோ வாங்கினேன். ஹாஸ்டலில் அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.


கிணத்துக்கடவு,
16.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது. பெரியம்மாவும் நீயும் உடுமலையில் சுகமாகக் கொண்டாடியிருப்பீர்கள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். அம்மா வாசல்படியில். முதலில் பிந்து எழுந்து, "போகலாம். இது என் கடைசி வார்த்தை" என்றாள். சசிதர் கரும்பைத் தூக்கிக் காட்டி, "இருக்கலாம். காரணம் எல்லாருக்கும் தெரியும்" என்றான். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் முன்னேற்பாடு செய்திருந்தேன். விடியற்காலையிலேயே மோட்டார் ரூமில் அம்மா போனில் என் ஓட்டைப் பதிவு செய்து வைத்திருந்தேன். போனை அப்பாவிடம் நீட்டினேன்.

அப்பா வாங்கவில்லை. "ரெக்கார்டிங் செல்லாது கண்ணு. நேர்ல சொல்லோணும்" என்றார்.

"ஒரு நிமிஷம் ஆச்சு" என்றான் சசிதர். நேரம் எண்ண ஆரம்பித்துவிட்டான். அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பிந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. "ரெண்டு" என்றான் சசிதர்.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இருட்டாக இருந்தது. மோட்டார் ரூம் இருட்டு மாதிரியே இருந்தது. வாயைத் திறந்தேன். வந்துவிட்டது, அக்கா. ஆனால் என் வாய்க்குத் தெரிந்த ராகம் ஒன்றுதான்.

"இருக்கலாமுங்க, இங்கயே இருக்கலாமுங்க, எல்லாருமா இருக்கலாமுங்க. அவசரப்பட்டுப் பொட்டியத் தூக்கிப்போட்டுப் போகாதீங்க."

தென்னை மரத்திலிருந்து காக்காய்கள் பறந்தன என்று சசிதர் சொல்கிறான். நான் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தபோது மயிலாத்தாள் அக்கா ஒரு கையில் பையும் ஒரு கையில் சில்லறையுமாக வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிவந்து நின்றார்.

"ஏனுங்க, பொங்கலும் அதுவுமா வண்டி வந்துபோச்சுங்களா?"

அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா என்ன என்று தெரியவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. மெதுவாகக் கேட்டேன்.

"போதுங்களா?"

"போதும் கண்ணு" என்றார் அப்பா.

மயிலாத்தாள் அக்காவை அம்மா உள்ளே கூப்பிட்டாள். அவர் "இப்பத்தானுங்க ஆச்சு" என்றார். சசிதர் விடவில்லை. சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தோம்.

பிந்து சாயங்காலம் வரை ஏணியின் ஐந்தாவது படியில் இருந்தாள். இறங்கிவந்து தோல்வியை ஒப்புக்கொள்வதாகவும், அதற்கு ஒரு நிபந்தனை உண்டு என்றும் சொன்னாள். ஒவ்வொரு ஞாயிறும் பீர் அண்ணன் வண்டியில் எங்கள் இரண்டு பேரையும் ஆர்.எஸ்.புரம் அனுப்ப வேண்டும். அப்பா சரி என்றார். பீர் அண்ணனும் சரி என்றுவிட்டார், முன்சீட்டில் இரண்டு பேர் உட்காரலாமாம். உடனே பிந்து தன் பெட்டியைக் காலி செய்து துணியை அலமாரியில் அடுக்கிவிட்டாள். உனக்குச் சாப்பாடு கொண்டுவரும் அம்மாவின் நான்கடுக்குத் தூக்குப்போசி வண்டியில் சாயாமல் நிற்க அந்தப் பெட்டிதான் சரியான அளவு என்று கண்டுபிடித்திருக்கிறாள்.

எனவே வருகிற பத்தொன்பதாம் தேதி காலையில் உப்புமா சாப்பிடாதே. அந்த ஒரு கிலோ தக்காளி இன்னும் இருந்தால் எடுத்து வை, அம்மா தொக்கு செய்து அனுப்புவாள்.

ஏழரை மணிக்கு வண்டி வரும். முதலில் ஒலிபெருக்கியில் கேட்பது பதிவு. அதற்கு நீ இறங்கி வர வேண்டாம். அது நின்ற பிறகு கீழேயிருந்து "ப்ரியாக்கா" என்று ஒரு சத்தம் வரும். அதுதான் நான்.

ஹரிதா